கஞ்சி வடித்த சவரக் கிண்ணம்

“…அப்படியே இருங்க, அதை அசைக்காதீங்க. அது எங்க அப்பாவோட சவரக் கிண்ணம்” என்று வீட்டுக்கார அம்மாள் சமையலறை வாசலில் நின்று சொல்லி முடித்தபோது, என் கையில் இருந்த சோற்றுப் போசி அந்தக் கிண்ணத்தின் மேல்தான் சாய்ந்து கிடந்தது. கஞ்சி இறங்கிக்கொண்டிருந்தது.

அசைக்கச் சொல்லியிருந்தாலும் அசைத்திருக்க முடியாது. சோறு வடித்தவர்களுக்குத் தெரியும். இரண்டு கையிலும் துணியைப் பிடித்து, வடிதட்டை வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நிற்கும்போது வீடு தீப்பிடித்தாலும் கஞ்சி இறங்கிய பிறகுதான் ஓட முடியும். நான் கழுத்தை மட்டும் திருப்பி அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைத்தான் பார்த்தார்.

அவர் பேசியது டார்ம்ஸ்டாட் பக்கத்து ஜெர்மன். வார்த்தையில் பாதியை விழுங்கிவிடுவார். எனக்கும் பள்ளிக்கூடத்து ஜெர்மன் கிடையாது. பட்டறையிலும் டிராமிலும் இந்த அம்மாளின் மாடிப்படியிலும் நின்று காதால் பொறுக்கியதுதான். யார் என்ன சொன்னாலும் அந்த வாக்கியத்தை வாய்க்குள் நாலு தடவை உருட்டிப் பார்ப்பேன். எனக்கு அது ஒரு பழக்கம். அதனால் அவர் சொன்னதையெல்லாம் எனக்குக் கேட்ட மாதிரியே தமிழில் எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. கோயம்புத்தூரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன், இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தேன். கல்யாணம் ஆன பதினெட்டாம் நாள் கப்பல் ஏறியவன். தங்கியது அந்த அம்மாளின் வீட்டு மேல்மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை. ஓர் அறையில் நான். மற்றதில் இரண்டு மாணவர்கள். ஒருவர் கும்பகோணத்துக்காரர், வேதியியல் ஆராய்ச்சி. இன்னொருவர் திருநெல்வேலி, இன்ஜினியரிங். இருவரும் என்னைவிடச் சின்னவர்கள், படிப்பில் என்னைவிட எங்கேயோ இருப்பவர்கள். ஆனால் அடுப்படியில் நான்தான் மூத்தவன்.

அந்த மாதக் கடைசியில் இருவரும் மாணவர் விடுதிக்குப் போவதாக இருந்தது. மாடி முழுக்க எனக்கு வரும். மனைவியை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் இருக்க இந்த இடம் போதும், இன்னின்ன சாமான்களோடு கொடுக்கிறேன் என்று வீட்டுச் சொந்தக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் மனைவிக்கு அனுமதி கிடையாது. வேறு வீடு பார்த்துக்கொள்ளலாமே என்றால், அதையும் முயன்று பார்த்தேன். போனில் நான் இரண்டு வார்த்தை பேசியதுமே, “அடடா, இப்பத்தான் ஒருத்தர் எடுத்துட்டார்” என்பார்கள். நான் கூப்பிட்ட வீடெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் போயிருந்தன. ஆக, கையெழுத்து என்றால் இந்த அம்மாளின் கையெழுத்துதான்.

ஊரிலிருந்து மனைவி எழுதியிருந்தாள்: ‘எல்லாரும் எப்பப் போறே எப்பப் போறேன்னு கேக்கறாங்க. பதில் சொல்லி வாய் வலிக்குது. ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை எழுதுங்க, நான் அதையே எல்லாருக்கும் காட்டிக்கறேன்.’

படிவத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அந்த அம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “கையெழுத்துதானே, அதுக்கென்ன. ஆனா முதல்ல நான் மேலே வந்து பார்க்கணும். நான் மாடி ஏறி ரெண்டு வருஷமாச்சு. பார்க்காத இடத்தை எப்படி நல்லா இருக்குன்னு எழுதறது? ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிச்சுட்டு வரேன்.”

மூன்று பேரும் சனிக்கிழமை முழுக்கத் தேய்த்தோம். ஜன்னல் கண்ணாடி, அடுப்பு, படிக்கட்டின் மேல் ஏழு படி. அந்த அம்மாளுக்குக் கடுகு தாளிக்கிற வாசனை ஆகாது; அதனால் ஞாயிற்றுக்கிழமை வெறும் சோறும் தயிரும் என்று முடிவு செய்தோம். எல்லாம் யோசித்தோம். யோசிக்காதது ஒன்றுதான். அவருடைய மத்தியானச் சாப்பாடு பதினொன்றரைக்கு. எங்களுடையது ஒன்றரைக்கு. பன்னிரண்டே காலுக்கு அவர் படியேறி வந்தபோது எங்கள் உலை அப்போதுதான் பொங்கி, நான் போசியைச் சாய்த்திருந்தேன்.

அந்தக் கிண்ணம் எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் வடித்த கஞ்சியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில்தான் ஊற்றினோம். இரண்டு மாதத்தில் குழாய் அடைத்துக்கொண்டது. அடைப்பு எடுக்க வந்தவர் ஒரு பிடி வெள்ளைப் பசையை எடுத்து அந்த அம்மாளிடம் காட்டி, “மேலே சுவரொட்டி ஒட்டற கம்பெனியா இருக்கு?” என்று கேட்டாராம். அன்று மாலை எனக்கு உத்தரவு வந்தது. “அந்த வெள்ளைத் தண்ணி இனிமே என் குழாய்ல போகக்கூடாது. பாத்திரம் வேணும்னா நிலவறையில இடது பக்க அலமாரியில இருக்கறதை எடுத்துக்கோங்க.”

நிலவறையில் நிலக்கரி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் ஊறப்போடும் பெரிய ஜாடிகள். இடது அலமாரியில் இருந்ததெல்லாம் வாய் குறுகிய பாட்டில்கள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம் நின்றது. பிரித்தேன்.

நம் ஊர் ஊறுகாய் ஜாடி மாதிரி கல்லாகச் சுட்ட பீங்கான். சாம்பல் நிறம், நீலத்தில் ஒரு பூ. ஆரஞ்சுத் தோல் போலத் தொட்டால் பொடிப் பொடியாகச் சொரசொரத்தது. நடுவில் ஆழம், சுற்றிலும் அகல விளிம்பு. அந்த விளிம்பில் ஓரிடத்தில் அரைவட்டமாக வெட்டியிருந்தார்கள். வெட்டுக்கு எதிர்ப்பக்கம் தொங்கவிட இரண்டு துளை. பக்கத்தில் எலுமிச்சங்காய் உட்காரும் அளவுக்கு ஒரு குழி.

மேலே கொண்டுவந்து போசியைச் சாய்த்துப் பார்த்தேன். போசியின் கழுத்து அந்த அரைவட்டத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்க்க வேண்டும். அளவெடுத்த மாதிரி. நழுவாது, உருளாது, ஒரு சொட்டு வெளியே போகாது. திருநெல்வேலிக்காரர் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, இந்த ஊர்லயும் ஒரு காலத்துல சோறு வடிச்சுத்தான் தின்னுருக்கானுவ. இல்லேன்னா இந்த வெட்டு எதுக்கு? பெறகு உருளைக்கெழங்கு வந்து கெடுத்துட்டு.”

நாங்கள் அதை நம்பினோம். நம்பியதோடு விடவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னோம். ஒரு நண்பர் இதே மாதிரி ‘கஞ்சிச் சட்டி’ வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். அந்தச் சின்னக் குழியில் உப்பு வைத்துக்கொண்டோம். கும்பகோணத்துக்காரர் தினமும் சூடான கஞ்சியில் அந்தக் குழியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துப் போட்டு, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பார். “இந்தக் குளிருக்கு இது ஒண்ணுதான் சார் மருந்து” என்பார். விளிம்பு மூக்கில் இடிக்காமல், அந்த வெட்டு எதிர்ப்பக்கம் வரும்படி திருப்பிப் பிடிக்கவும் கற்றுக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்று. அலமாரியில் இருப்பதை எடுக்கச் சொன்னார். இது அலமாரியில் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருந்தது. யாரோ பத்திரமாகச் சுற்றி வைத்தது என்பதும் பார்த்ததும் தெரிந்தது. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்றே இரண்டு வருடம் போயிற்று.

கஞ்சி முழுக்க இறங்கியது. போசியை நிமிர்த்தி அடுப்பில் வைத்தேன்.

“இதை யார் எடுத்துக் கொடுத்தது?” என்றார் அந்த அம்மாள்.

“நான்தான் எடுத்தேன்.”

“இடது அலமாரியிலயா இருந்தது?”

இருந்தது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முந்தைய சங்கதி, யார் கண்டார்கள். மேசை மேல் படிவம் விரித்தபடி கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “இல்லைங்க. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவுல. பேப்பர் சுத்தி இருந்தது.”

அவர் படிவத்தைப் படிப்பதற்காகக் கையில் எடுத்துவந்த மூக்குக் கண்ணாடியை மடித்து உறையில் போட்டு, உறையைச் சட்டைப் பைக்குள் போட்டார். திருநெல்வேலிக்காரர் தமிழில் மெல்லச் சொன்னார்: “கண்ணாடி உள்ள போயிட்டு, அண்ணாச்சி.”

கும்பகோணத்துக்காரருக்கு வேறு கவலை. “சவரக் கிண்ணம்னா என்ன சொல்றாங்க? எந்தச் சவரம்?” என்று என்னைக் கேட்டார். கேள்வி தமிழில் இருந்தாலும் அவர் முகம் எல்லா மொழியிலும் இருந்தது போல. அந்த அம்மாள் கஞ்சியை ஒரு வாளியில் ஊற்றச் சொல்லி, காலிக் கிண்ணத்தை வாங்கி, அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் கிண்ணத்தை அவர் தாடைக்குக் கீழே கொண்டுபோய் அழுத்தினார். அந்த அரைவட்டம் அவர் கழுத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. தாடை கிண்ணத்துக்கு மேலே, உடம்பு கீழே.

“இப்படித்தான். அப்பாவோட சவரக் கடைக்கு வர்றவர் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும். அப்பா இதுல தண்ணி எடுத்து நுரை போடுவார். வழிக்கறதெல்லாம் இதுலயே விழும். இந்தக் குழியில சோப்பு உருண்டை.”

உப்புக் குழி என்று நாங்கள் வைத்திருந்த குழியில் அன்றைக்கும் உப்பு இருந்தது. கும்பகோணத்துக்காரர் கழுத்தை நகர்த்த முடியாமல் கண்ணை மட்டும் கீழே இறக்கி அதைப் பார்த்தார்.

இவர் முடி வெட்டிக்கொண்டு வந்தால் குளிக்காமல் கதவுப் பிடியைக்கூடத் தொடமாட்டார். இந்த வீட்டில் சனிக்கிழமைதான் வெந்நீர் என்பதால், இரண்டு வருடமாகச் சனிக்கிழமை மட்டுமே முடி வெட்டிக்கொள்கிறவர். விடுவிக்கப்பட்டதும் என் பக்கத்தில் வந்து, “சார், இப்ப நான் குளிக்கணுமா?” என்று கேட்டார்.

“வெளிய குளிச்சுருவீரு” என்றார் திருநெல்வேலிக்காரர். “ரெண்டு வருசமா உள்ள போனதுக்கு என்னவே செய்வீரு?”

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அந்த அம்மாள் குனிந்து தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஒழுகுற கிண்ணம்” என்றார். “அடியில கீறல் இருக்கு. அதனாலதான் சுத்தி ஓரமா வெச்சேன். ரெண்டு வருஷமா இதுல ஊத்தறீங்கன்னா உங்க தரைப் பலகை ஊறிப் போயிருக்கணும். கீழே என் படுக்கையறை.”

அதுதான் கண்ணாடி உள்ளே போனதற்கு முக்கியக் காரணம் என்று அப்போது புரிந்தது. தரை கெட்டிருந்தால் கையெழுத்து என்ன, நாங்கள் இருப்பதே சந்தேகம். ஆனால் தரை காய்ந்து கிடந்தது. எடுத்த புதிதில் கிண்ணத்தின் அடி ஈரமாக இருக்கும், ஒரு தட்டு போட்டு வைப்போம் என்பது எனக்கு நினைவு வந்தது. எப்போது தட்டை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று நினைவில்லை. சொன்னேன். அவர் நம்பவில்லை.

“ஒழுகாதாமா? பார்த்துடலாம்.”

கிண்ணத்தின் உள்பக்கத்தை மட்டும் கழுவினார். அடியைத் துணியால் துடைத்தார். தண்ணீர் நிரப்பினார். ஈரம் பட்டால் தெரிய ஒரு காகிதம் வேண்டுமென்று மேசையில் கைக்கெட்டியதை இழுத்து, அதன் மேல் கிண்ணத்தை வைத்தார்.

அவர் இழுத்தது என் படிவம்.

என் கை தானாக முன்னால் போனது. திருநெல்வேலிக்காரர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். மிதித்தது சரிதான். அந்த நேரத்தில் ‘அம்மா, அது எனக்கு முக்கியமான காகிதம்’ என்று சொல்வது, கிண்ணம் ஒழுகும் என்று நானே ஒப்புக்கொள்வதாக ஆகும். அவர் தெரிந்து வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் படிவம் வாங்க நான் இரண்டு அரைநாள் வரிசையில் நின்றிருக்கிறேன். அதில் மனைவியின் பெயரை மசியால் எழுதியிருந்தேன். கிண்ணத்தின் அடி சரியாக அந்தப் பெயரின் மேல் உட்கார்ந்திருந்தது.

“அப்பா ஒரு பக்கத் தாடை வழிக்கறதுக்குள்ள வந்தவர் மடியில துண்டு நனைஞ்சுடும்” என்றார் அந்த அம்மாள், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. “அவ்வளவு நேரம் காத்திருப்போம்.”

காத்திருக்கும்போது கதை சொன்னார். வடக்கே ரைன் ஆற்றுப் பக்கம் மலைமேல் குயவர் ஊர்கள் இருக்கின்றன. அவர் அப்பாவின் வழி அங்கிருந்து வந்தது. சூளை நல்ல சூட்டில் இருக்கும்போது உள்ளே உப்பை அள்ளிப் போடுவார்களாம். அதில்தான் அந்த ஆரஞ்சுத் தோல் வரும். வெளிநாடுகளில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய காலத்தில், அங்கே இருந்த நாவிதர்களுக்கென்றே இந்தக் கிண்ணங்களை வண்டி வண்டியாகச் செய்து, வைக்கோல் சுற்றி, ஆற்றில் படகேற்றி, கடலில் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். “இது கூட அங்க போக வேண்டியதுதான். சூளையிலயே கீறல் விழுந்துட்டது. கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. எங்க குடும்பத்துல ஒருத்தர் முகம் மழிக்கற தொழில் செய்தார், அவர்கிட்ட வந்து சேர்ந்தது. அவருக்குப் பிறகு அவர் மகன், அப்படியே எங்க அப்பா வரைக்கும். எங்க கடைக்கு வந்தா நெஞ்சு நனையாம போக முடியாதுன்னு ஊரே கேலி பண்ணும். அப்பா விடலை. நல்ல கிண்ணம் எல்லாக் கடையிலயும் இருக்கு, ஒழுகுறது நம்மகிட்ட மட்டும்தான்னு சொல்லுவார்.”

வேறொரு நாளாக இருந்தால் இந்த வாக்கியத்தை நான் ஒரு வாரம் உருட்டிக்கொண்டிருப்பேன். அன்றைக்குப் பாதிதான் காதில் விழுந்தது. கண் முழுக்கக் கிண்ணத்தின் அடியைச் சுற்றியிருந்த காகிதத்தில். எங்கேயாவது நிறம் மாறுகிறதா, எங்கேயாவது மசி நீலமாகக் கசிகிறதா. ஒரு தடவை நிழல் ஆடியதை ஈரம் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன்.

திருநெல்வேலிக்காரருக்கு மௌனம் தாங்காது. “கப்பல்ல ஏத்தாத சட்டிக்காக நாம கப்பலேறி வந்துருக்கோம், பாத்தியளா” என்றார் தமிழில். அந்த அம்மாள் என்ன என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் உதடு ஓரமாக அசைந்தது. அது சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை.

“எடுங்க” என்றார் கடைசியில்.

நான்தான் தூக்கினேன். தண்ணீர் தளும்பாமல் தூக்குவதற்கு லேத்தில் பழகிய கை உதவியது. அவர் குனிந்து காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். திருப்பிப் பின்பக்கம் தடவினார். மேசையைத் தடவினார். பிறகு கிண்ணத்தின் அடியில் விரலை வைத்துப் பார்த்து, அந்த விரலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“காஞ்சிருக்கு.”

கிண்ணத்தை மேசையில் இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“எங்க அப்பா நாப்பது வருஷம் சோப்புத் தண்ணி ஊத்தினார், அடையலை” என்றார் அந்த அம்மாள். “நீங்க என்ன பண்ணீங்க?”

இங்கேதான் கும்பகோணத்துக்காரர் எழுந்தார். குளிப்பதா வேண்டாமா என்ற யோசனையை ஓரமாக வைத்துவிட்டு, வேதியியல் மாணவராக நின்று விளக்கினார். அரிசியின் மாவுச்சத்து கஞ்சியோடு கீறலுக்குள் இறங்கும். சூட்டில் பசையாகும். ஆறினால் காய்ந்து இறுகும். மறுநாள் அதற்கு மேல் இன்னொரு படலம். ஊரில் புது மண்சட்டி வாங்கினால் முதலில் கஞ்சி ஊற்றித்தான் பழக்குவார்கள் என்று நானும் சேர்த்துச் சொன்னேன். அடைப்பு எடுக்க வந்தவர் காட்டிய அதே வெள்ளைப் பசை என்று அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

“என் குழாயை அடைச்சது இதை அடைச்சிருக்கு” என்றார்.

“ஆமாங்க. கேக்காம எடுத்தது தப்பு” என்றேன். “இன்னிக்கே கழுவித் துடைச்சு கீழே கொண்டுவந்து கொடுத்துடறேன்.”

அவர் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உப்புக் குழியில் ஒட்டியிருந்த உப்பை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உங்க வீட்டுக்காரிக்கும் இந்த வெள்ளைத் தண்ணி வடிக்கத் தெரியுமா?”

“என்னைவிட நல்லா வடிப்பா.”

“தினமுமா?”

“தினமும்.”

“அப்ப இதைக் கீழே கொண்டுவந்து என்ன பண்றது. நான் திங்கறது உருளைக்கிழங்கு. ஒரு வருஷத்துல திரும்ப ஒழுக ஆரம்பிச்சுடும்” என்றவர், கிண்ணத்தை எங்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தார். கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து, உறையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னிடம் பேனா கேட்டார். படிவத்தில் சாமான்கள் என்ற இடத்தில் கட்டில், மேசை, நாற்காலி இரண்டு என்று நிதானமாக எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே ‘கிண்ணம் ஒன்று, ஒழுகாதது’ என்று சேர்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.